ஒட்டுத் துணியும் அறுகோணமும்

ஒட்டுப் போட்ட துணி என்றதும் நம் மனத்தில் தோன்றுவது வறுமை. முழங்கையில் வேறு நிறத் துண்டு வைத்துத் தைத்த சட்டையை அணிந்து பள்ளிக்கு வரும் சிறுவன், அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் நடப்பான். ஆனால் அதே ஒட்டுத் தையல் தேரில் ஏறிவிட்டால் நாம் அதனை அண்ணாந்து பார்த்துக் கைகூப்புகிறோம். தஞ்சை, கும்பகோணம் வட்டாரங்களில் கோயில் தேர்களுக்கெனத் தைக்கப்படும் தேர்ச்சீலைகளும், உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும், விதானங்களும் எவ்வாறு உருவாகின்றன? சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு எனப் பல நிறத் துணிகளிலிருந்து மயிலும் கிளியும் யாளியும் தாமரையும் வெட்டி எடுக்கப்பட்டு, மற்றொரு துணியின்மீது வைத்துத் தைக்கப்படுகின்றன. அதுவும் ஒட்டுத் தையல்தான்.

ஊசியும் நூலும் துண்டுத் துணியும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க, ஒன்று குறையாகவும் மற்றொன்று கலையாகவும் ஆவது எதனால்? முதலதில், கிழிந்த இடம் துண்டின் இடத்தை முடிவு செய்கிறது. இரண்டாவதில், தைப்பவரின் திட்டம் அதனை முடிவு செய்கிறது. திட்டத்தோடு சேர்க்கப்படும் துண்டுகளின் கலைக்கு மிக எளிய எடுத்துக்காட்டாக, மேல்நாட்டார் 'இங்கிலீஷ் பேப்பர் பீசிங்' என்று வழங்கும் முறையைச் சொல்லலாம். தாளை உள்ளே வைத்துத் துணித் துண்டுகளைக் கையாலேயே இணைக்கும் முறை அது. 'தாள்வழி ஒட்டுத்தையல்' என்று நாம் அதனைத் தமிழில் வழங்குவோம். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை உள்ள எந்தத் தையற்கடையிலும் கேட்டுப் பெறக்கூடிய ரவிக்கைத் துண்டுகளே இதற்குப் போதும். தையல் இயந்திரமும் தேவையில்லை.

பிற இடங்களில் ஒட்டுத்தையல்

துண்டுகளைச் சேர்ப்பது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று. புத்த பிக்குகளின் ஆடை துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளோடு கிடந்த அழகைப் புத்தர் காட்டி, அந்த அமைப்பிலேயே ஆடையை வகுக்குமாறு ஆனந்தரிடம் கூறினார் என்பது பௌத்த மரபு. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, அப்புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் 'காந்தா' தைத்தனர். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் முக்கோணத் துண்டுகளை மடித்துவைத்துத் தைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை நிறைவு பெறும். நம் வீடுகளிலும் பாட்டிமார் நைந்த நூற்புடவைகளை நான்காக மடித்து ஓரம் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கியதை நாம் அறிவோம்.

இங்கிலாந்தின் ஒட்டுத்தையலுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கில வணிகர் 1639-ல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை அமைத்ததற்கு முதற்காரணம் சோழமண்டலக் கரையின் துணி. கையால் சாயமெழுதிய அந்தப் பூத்துணிகள் இங்கிலாந்தில் பெருவிருப்பத்தோடு வாங்கப்பட்டன. நம் பாட்டிமார் சீட்டித்துணி என்று சொன்ன வகையின் மூதாதை அது. உள்நாட்டு நெசவாளர் எதிர்க்கவே, அத்தகைய இந்தியத் துணிகளை உள்நாட்டுப் பயனுக்காக இறக்குமதி செய்வதை 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1720-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே தடுத்தது. அத்தடை 1774 வரை நீடித்தது. இவ்வாறு கிடைத்தற்கரியதாகிவிட்ட ஒரு துணியின் சிறு துண்டைக்கூட யார் எறிவார்? இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில், ஏறத்தாழ 1708-ல் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒட்டுத்தையல் விரிப்பு ஒன்று இருக்கிறது. இந்தியப் பூத்துணியின் துண்டுகளால் ஆன அது, அந்நாட்டில் எஞ்சியிருக்கும் இத்தகைய விரிப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

தாளை உள்வைத்துத் தைத்ததற்குச் சான்றாக 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு விரிப்பு ஒன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. பழைய விரிப்புகள் சிலவற்றில் உள்ளே வைத்த தாள்கள் எடுக்கப்படாமலே தங்கிவிட்டன. கடிதம், கணக்குச் சீட்டு, செய்தித்தாள், சிறுவர் எழுதிப் பழகிய ஏடு என வீட்டில் கிடைத்த தாள்கள் அவை. தைத்தவர் பெயர் தெரியாத விரிப்புக்கும் அத்தாள்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர் காலம் கணிக்கின்றனர். தைத்து முடிக்கப்படாமல் விடப்பட்ட விரிப்பே வரலாற்றுக்கு மிகுதியும் உதவுகிறது என்பது வியப்புக்குரியது.

தாள் செய்யும் வேலை

துணி வளையும், இழுபடும். குறுக்கு வாட்டில் வெட்டிய துணி இன்னும் மிகுதியாக இழுபடும். எனவே கோண வடிவில் வெட்டிய துண்டுகளை அப்படியே இணைத்தால், பத்துத் துண்டுகள் சேர்வதற்குள் விளிம்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடும். தடித்த தாளோ இழுபடாது. துணியைத் தாளின்மேல் மடித்துத் தைத்துவிட்டால், தாளின் அளவு துணியின் அளவாகிவிடுகிறது. எல்லாத் தாள்களும் ஒரே அளவினவாக இருந்தால் எல்லாத் துண்டுகளும் பொருந்தும். ஆகவே இந்தக் கலையில் பாதித் திறமை ஊசியில் இல்லை. தாளை வெட்டும் கத்தரியில் இருக்கிறது.

செய்முறை வருமாறு:

1. கவராயத்தை 1 அங்குலம் விரித்து வட்டம் வரைக. அதே விரிவால் வட்டத்தின் மேல் சுற்றிவரக் குறித்தால் சரியாக 6 புள்ளிகள் விழும். அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் 1 அங்குலப் பக்கமுள்ள ஒழுங்கு அறுகோணம் கிடைக்கும். இதனைக் கெட்டி அட்டையில் வெட்டி மூல அச்சாக வைத்துக்கொள்க.

2. பழைய கல்யாணப் பத்திரிகை போன்ற தாளில் மூல அச்சை வைத்து வரைந்து வேண்டிய அளவு வெட்டுக. ஒவ்வொரு முறையும் மூல அச்சையே வைத்து வரைய வேண்டும். வெட்டியதை வைத்து அடுத்ததை வரைந்தால் பிழை வளர்ந்துகொண்டே போகும். தாள் வெட்டும் கத்தரி மழுங்கும்; துணிக்கு வேறு கத்தரி வேண்டும்.

3. துணியைச் சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்த்து, உலர்த்தி, இஸ்திரி போடுக. தாளைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் மிகுதியாக இருக்குமாறு வெட்டுக. ஒரே கனமுள்ள பருத்தித் துணிகளாகத் தேர்வது தொடக்கத்தில் நல்லது. பட்டும் பருத்தியும் கலந்தால் இழுவை மாறுபடும்.

4. துணியின் உட்புறத்தில் தாளை வைத்து, ஒவ்வொரு பக்கமாக மடித்துத் தாளோடு சேர்த்து நீண்ட தற்காலிகத் தையல் போடுக. பின்னர் உருவ வேண்டியதாகையால் இதற்கு வேறு நிற நூல் வசதி.

5. இரண்டு துண்டுகளை நல்ல புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு சேர்த்துப் பிடித்து, விளிம்பில் ஓரிரு இழைகளை மட்டும் எடுத்துச் சுற்றுத் தையல் போடுக. ஓர் அங்குலத்துக்கு 12 முதல் 15 தையல் போதும். ஊசி தாளைக் குத்தக் கூடாது. மெல்லிய ஊசியும் ஒரு முழ நூலும் கொள்க. முழத்துக்கு மிஞ்சிய நூல் சிக்கும்.

6. ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் இணைந்த பிறகே அதன் தற்காலிகத் தையலைப் பிரித்துத் தாளை எடுக்க வேண்டும். வெளியோரத் துண்டுகளின் தாள் கடைசிவரை இருக்கட்டும். எடுத்த தாள் நைந்து போகாதிருந்தால் மீண்டும் பயன்படும்.

7. முடிந்த பரப்புக்குக் கீழே அடித்துணி வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டத் தையல் போட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தால் வேலை நிறைவுறும்.

கோலம் அறிந்த கணக்கு

அறுகோணத்தை ஏன் தேர்ந்தனர்? ஒரே வகை ஒழுங்குப் பலகோணத்தால் இடைவெளியின்றித் தளத்தை நிரப்ப மூன்று வடிவங்களால்தான் முடியும்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒரு புள்ளியில் முக்கோணங்கள் ஆறும், சதுரங்கள் நான்கும், அறுகோணங்கள் மூன்றும் கூடுகின்றன. கூடும் முனைகள் குறைவாக இருப்பதால் அறுகோணத் தையலில் அவ்விடம் தடிக்காது. அன்றியும், சம பரப்புள்ள அறைகளாகத் தளத்தைப் பகுக்கையில் மொத்த விளிம்பு நீளம் அறுகோணத்தில்தான் மிகக் குறைவு. தேன்கூட்டைக் கண்டு நெடுங்காலமாக ஊகித்திருந்த இவ்வுண்மையை அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் 1999-ல் நிறுவினார். 1 அங்குல அறுகோணத்தின் சுற்றளவு 6 அங்குலம்; அதே பரப்புள்ள சதுரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 6.45 அங்குலம். விளிம்பு குறைந்தால் தைக்கும் நீளமும் குறையும் அல்லவா?

நடுவில் ஓர் அறுகோணம், அதனைச் சுற்றி 6, மொத்தம் 7. இது ஒரு பூ. அடுத்த சுற்றுக்கு 12 சேர்த்தால் 19. அதற்கடுத்த சுற்றுக்கு 18 சேர்த்தால் 37. இந்த எண்கள் நம் வாசலுக்குப் புதியன அல்ல. 5 புள்ளியில் தொடங்கி 3-ல் நிறுத்தும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில் 3, 4, 5, 4, 3 என 19 புள்ளிகள். 7-ல் தொடங்கி 4-ல் நிறுத்தினால் 4, 5, 6, 7, 6, 5, 4 என 37 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அறுகோணத்தின் நடு. இடுக்குப் புள்ளிக் கோலம் போடத் தெரிந்த எவருக்கும் இத்தையலின் அமைப்பு முன்னரே தெரியும் என்பது மிகையன்று. கோல நோட்டில் புள்ளி வைத்து, வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டிப் பார்த்த பின்னர் துணியை வெட்டினால் வீணாகாது.

சிறிய தொடக்கங்கள்

7 துண்டுப் பூ 5 அங்குலத்துக்குச் சற்று மிகுதியான அகலம் வரும். இரண்டு பூக்களை முதுகோடு முதுகு சேர்த்து, மேலே திறப்பு விட்டுத் தைத்தால் சில்லறைப் பை. அரை அங்குல அறுகோணத்தில் இதே பூவைத் தைத்து இலவம்பஞ்சு அடைத்தால் குண்டூசி செருகும் சிறு திண்டு. ஒரு வரிசையில் 4 துண்டு சேர்த்து அடித்துணி கொடுத்தால் நூல்களுக்கிடையே வைக்கும் பக்க அடையாளம். 37 துண்டுகள் ஏறத்தாழ 12 அங்குல அகலம் வரும். நாற்காலித் திண்டுக்கு மேலுறையாகும். அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணியாகத் தைப்பதானால் பருத்தி மட்டுமே ஆகும். செயற்கை இழைத் துணி சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இனி ஒரு கணக்கு. 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள கட்டில் விரிப்புக்கு 1 அங்குல அறுகோணங்கள் ஏறத்தாழ 2,080 வேண்டும். ஒன்றை வெட்டி, மடித்து, இணைக்க 10 நிமிடம் என்று கொண்டாலும் 346 மணி நேரம் ஆகிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் 43 நாள் வேலை. வீட்டில் பெண்கள் இதனைச் செய்தபோது நாம் அதற்கு வைத்த பெயர் பொழுதுபோக்கு! துணி இனாமாக வந்தது என்பதற்காக உழைப்பும் இனாம் என்று எண்ணுவது தவறு. கைத்தையற் பொருள்களை விற்பனைக்கு வைக்க விரும்பும் நண்பர்கள், துணியின் விலையை மட்டும் போட்டுப் பார்க்காமல் மணிக்கணக்கையும் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும். வாங்குவோர் அந்த விலையைத் தரத் தயங்கினால், தமக்கும் தம் வீட்டாருக்கும் தைத்துக்கொள்வதே மேல். மலிவாக விற்பது, அதே வேலையால் பிழைப்பவரின் கூலியையும் சேர்த்துக் குறைப்பதாகும்.

ஆயினும் பணத்தால் அளக்க முடியாத ஒரு பயன் இதற்கு உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர்த் தெருக்களில் புகுந்தபோது, பீரோவின் அடித்தட்டு வரை நீர் ஏறிய வீடுகளை நாம் அறிவோம். சேற்றில் ஊறிய சேலையை எவ்வளவு அலசினாலும் கறை போவதில்லை. அதனை உடுத்த முடியாது, எறியவும் மனம் வராது. அத்தகைய சேலையிலும் கறை படாத ஒரு சாண் அகலம் எங்கேனும் இருக்கும். கரையில் ஒரு பூ, முந்தியில் ஒரு மாங்காய் தப்பியிருக்கும். ஓர் அறுகோணத்துக்கு அகலவாட்டில் இரண்டரை அங்குலத் துணி போதும். தாயின் சேலையும் தந்தையின் வேட்டிக் கரையும் குழந்தையின் முதற்சட்டையும் ஒரே பரப்பில் பக்கத்தில் பக்கமாக அமர, இதைவிட எளிய வழி இல்லை. துணி முழுதாக இருந்த காலத்தில் அவை பெட்டியில் கிடந்தன. துண்டான பின் அன்றாடம் கண்ணில் படும்.

நம் ஊரின் பெயரிலேயே முடிச்சு இருக்கிறது. ஊசி கோத்து நூல் நுனியில் போடும் முதல் முடிச்சுக்கு அதையே நல்ல சகுனமாகக் கொள்ளலாம். ஓர் அட்டை, ஒரு கத்தரி, ஒரு கல்யாணப் பத்திரிகை, தையற்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கைப்பிடித் துண்டுகள். இந்த விடுமுறையில் 7 துண்டுப் பூ ஒன்றைத் தைத்துப் பாருங்கள். அதன் ஆறாவது மூலை சரியாகப் பொருந்தும்போது, ஒட்டுத் துணியைப் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணம் நம்மை அறியாமலே மாறியிருக்கும்.