சனிக்கிழமைச் சம்பளமும் இரண்டு வார இருமலும்

உழைப்பும் உடம்பும் – 14

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டிங் மேசையிலிருந்தும் ஓவர்லாக் மெஷினிலிருந்தும் பறக்கும் பஞ்சுத்தூசி எல்லோர் தொண்டையிலும்தான் இறங்குகிறது. “தூசி இருமல்தானுங்க, பனங்கற்கண்டை வாயில போட்டு அதக்குங்க, சரியாப் போயிரும்” என்பார் அடுத்த மெஷின்காரர். பெரும்பாலும் அவர் சொல்வது பலித்தும் விடும். வினையே அதில்தான் இருக்கிறது. தூசி இருமலின் மறைவில் காசநோய் இருமல் மாதக்கணக்கில் ஒளிந்து கிடக்கலாம். சாயங்காலமானால் உடம்பு காய்வதையும், பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவுவதையும் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்த அலுப்பு என்று கணக்கெழுதிவிடலாம்.

சென்ற வாரம் கல்குவாரியைப் பார்த்தோம். அங்கே சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுத்துக் கிருமிக்கு வழிவிடுகிறது. இங்கே வழிவிடுவது சாத்திய ஜன்னல். வெள்ளைத் துணியில் மண் படியக்கூடாது என்று சாத்தியது. இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத கூடத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். பகலில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள் இரவில் ஒரே அறையில் ஆறேழு பேராகப் படுக்கிறார்கள். கிருமி உள்ளே போனவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படும். அந்த ஒருவர் பெரும்பாலும் சர்க்கரை நோயாளியாகவோ, வயிற்றுக்குப் போதாமல் உழைப்பவராகவோ இருப்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கேட்பதில்லை. இந்தியாவில் உருவான ‘ட்ரூநாட்’ கருவி சில மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பீஸ் ரேட்டில் தைப்பவர் போகமாட்டார். அரை நாள் போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். நோயின் பெயர் வெளியே தெரிந்தால், “ஊருக்குப் போயிட்டு நல்லானதும் வாப்பா” என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த மற்றவர்கள் இருமலை அடக்கப் பழகிக்கொள்கிறார்கள். நோயாளியை வெளியே அனுப்பும் முதலாளி, நோயைக் கம்பெனிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்.

நோயாளி கூடவே இருந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிவிடும் என்ற பயத்துக்கு நம் சென்னையிலேயே பதில் கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, செவிலியர் கவனிப்புடன் மாத்திரை சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஓராண்டில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயின. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவைக் கண்டு உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. நம் கம்பெனி வாசல்களுக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோயில், சரியான மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் அடங்கிவிடுகிறது. உடம்பு தேறியதும் மருத்துவர் சொல்படி மெஷினில் வந்து உட்காரலாம். சிகிச்சை ஆறு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து மிரண்டு மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், அவ்வளவுதான். இரண்டாம் மாதமே தெம்பு வந்துவிட்டதென்று நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும்.

அந்த ஆறு மாதம் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? இங்கேதான் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. வருகிறது. வழக்கமான நோய்க்கால உதவி 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு ஆண்டு வேலையும் போதிய சந்தாவும் உள்ளவர்களுக்கு அதன் பிறகும் 80 சதவீதம் கிடைக்க வழி உண்டு. நோய்க்கால உதவி பெறும் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவே சொல்லியிருந்தது. பேர் பதிவில் இல்லாத கான்ட்ராக்ட் ஆளுக்கு இதில் ஒரு பைசா வராது. சந்தாவை மிச்சம் பிடிக்கப் பேரை மறைப்பவர்களும் காசநோயைப் பரப்புகிறவர்கள்தான் என்பேன்.

பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் ஒன்றிய அரசின் திட்டப்படி வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் வரை அது 500-ஆக இருந்தது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் ஊருக்குப் போக நேர்ந்தால், நிக்‌ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டின் எண்ணைக் கொண்டு அங்கேயும் மாத்திரையைத் தொடரலாம். தனியார் மருத்துவர் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். அந்தத் தகவல் போவது சுகாதாரத் துறைக்கு. கம்பெனி ஆபீசுக்கு அல்ல.

முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சளிப் பரிசோதனைக்குப் போகும் அரை நாளுக்குக் கூலி கொடுங்கள். ஒருவருக்கு நோய் உறுதியானால் அறைத்தோழர்களையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர் பேரை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். வருகைப் பதிவேட்டுக்கு மேலே சுவரில் 1800-11-6666 என்ற எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். காசநோய்க்கான அரசின் இலவசத் தொலைபேசி அது.