பட்டறைப் பக்கம் – 9: துணிக்கூரை ஜிப்ஸி

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘ஜப்பானிலிருந்து கூரை திறக்கும் 1989 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை இறக்கி, நம்மூர்ப் பட்டறையில் விட்டுப் புதுசாக்க ஆசை. எவ்வளவு ஆகும்?’

பணம் அப்புறம். முதல் சிக்கல் அந்தக் காரின் வயது. வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே கொண்டுவர வேண்டுமென்றால் அது 3 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. இல்லையென்றால் 50 வயதைக் கடந்து விண்டேஜ் ஆகியிருக்க வேண்டும். நடுவயதுக்காரர்களுக்குக் கதவு கிடையாது. 1989 மாடல் 50-ஐத் தொட 2039 வரை காத்திருக்க வேண்டும். இதே ரகத்தில் 1960களின் டாட்சன் ஃபேர்லேடி வயதில் தேறிவிடும். ஆனால் அதன் விலையோடு இறக்குமதி வரியையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் காசுக்கு அண்ணா நகரிலேயே வீடு பார்க்கலாம். ஜப்பானில் மாஸ்டா கம்பெனியே 2018 முதல் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பழைய எம்எக்ஸ்-5களைப் பிரித்து, பழையபடி பூட்டித் தருகிறது. நமக்குப் பழக்கமான மாஸ்டா, ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான்.

கூரையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போக ஒரு ஜப்பான் வண்டி வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அது தேனி ரோட்டிலும் கொடைக்கானல் எஸ்டேட்களிலும் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. மாருதி ஜிப்ஸி. ‘அது ஜீப்பாச்சே’ என்று முகம் சுளிக்க வேண்டாம். ரெய்டு டி ஹிமாலயா ராலியில் ஆண்டுக் கணக்காகப் புழுதி பறக்க ஓடிய வண்டி அது.

ஹோப் மோட்டார் என்ற சின்ன ஜப்பான் கம்பெனி 1960களின் கடைசியில் ஒரு குட்டி நான்கு சக்கர இழுவை வண்டியைச் செய்தது. அதன் உரிமையை சுசுகி வாங்கி, 1970-ல் 359 சிசி இன்ஜினோடு ஜிம்னி என்று விட்டது. அந்த வம்சத்தில் 1981-ல் வந்த எஸ்ஜே410-தான், உடம்பு கொஞ்சம் நீண்டு, 1985 டிசம்பரில் இங்கே ஜிப்ஸி ஆனது. 970 சிசி, 45 குதிரைத்திறன். 1996-ல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங். 2000 வாக்கில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்து 80 குதிரைத்திறன். பழைய வாசனைக்காக வாங்குபவர்கள் 410-ஐத் தேடட்டும். ஓட்டுவதற்கு என்றால் என் ஓட்டு எம்பிஎஃப்ஐக்குத்தான். கத்திரி வெயிலில் சிம்மக்கல் நெரிசலில் கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் சூடேறி ‘வேப்பர் லாக்’ ஆகி நின்றால், ஈரத்துணியோடு பானட்டைத் திறந்து நிற்க வேண்டியதுதான்.

வாங்கப் போகும்போது எல்லோரும் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவர் அதைத் தொடவே விடமாட்டார். “இன்ஜினு எங்க போயிரப் போகுது? பார்ட்டை மாத்தினா ஓடிட்டுப் போகுது. மொதல்ல அடியில படுத்துப் பாருங்கண்ணே” என்பார். கையில் ஒரு காந்தமும் சின்னச் சுத்தியலும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி கனமாக அப்பியிருக்கிறது. பிறகு சேசிஸ் பக்கம் போய், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் கொக்கி அருகே தட்டுவார். ‘டங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் துரு. மிதியடியை உரித்து, ஓட்டுநர் காலடித் தகரத்தைக் கட்டை விரலால் அழுத்துவார். கண்ணாடிச் சட்டத்தின் அடிமூலையையும் விடமாட்டார். மழைத்தண்ணீர் இறங்கி நிற்கும் இடம் அது. ஜிப்ஸியின் ஆயுளை நிர்ணயிப்பது இந்த மூன்று இடங்கள்தான்.

இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் உப்புக்காற்றில் வளர்ந்த வண்டியைவிட, திருமங்கலம், உசிலம்பட்டிக் கரிசலில் வெந்த வண்டியின் தகரம் நிச்சயம் உருப்படியாக இருக்கும். பெயின்ட் வெளிறியிருந்தாலும் அதை எடுங்கள். பளபளவென்று மினுங்கும் கடலோர வண்டியை விட்டுவிடுங்கள்.

கூரை விஷயத்தில் வெயில்தான் எதிரி. ரெடிமேட் கூரைகளை நான் நம்புவதில்லை. நல்ல குஷன் கடைக்காரர் வண்டியிலேயே வைத்து அளவெடுத்துத் தைப்பது இழுத்துப் பிடித்து உட்காரும். பருத்தி நூல் வெயிலில் மக்கிவிடும், பாலியஸ்டர் நூல் கேளுங்கள். பக்கத்து ஜன்னலுக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட் எப்படியும் மஞ்சளாகும். அதை ஜிப் வைத்துத் தனியாகக் கழற்றி மாட்டும்படி தைத்துக்கொண்டால், கூரையையே பிரிக்காமல் ஷீட்டை மட்டும் மாற்றலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி வீணாகப் போவது ஆர்.சி. புத்தகத்தில். மூடிய கூரை ஜிப்ஸியை வாங்கி, கட்டர் வைத்து அறுத்து, துணி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. எனவே ஆர்.சி.யில் இருக்கும் பாடி விவரமும் எதிரே நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே முன்பணம். 15 வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. இதைப் பேரத்தில் கழித்துக் கேளுங்கள், தப்பில்லை.

ராணுவ ஏலத்தில் போன ஜிப்ஸி என்று யாராவது கொண்டுவந்தால் இன்னொன்று. அந்த ஆலிவ் பச்சையில் மயங்கிப் பலர் அதே நிறத்தில் மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும். பெயின்டரிடம் விடுவதற்கு முன்பே வேறு நிறத்தைத் தேர்ந்து, ஆர்டிஓ ஆபீசில் நிறமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)