பிரிண்ட் கொடுத்தாச்சு... காகிதம் ஏன் வரலே?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. ஆகவே பாடப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் பல வீடுகளிலும் கடைகளிலும் தினமும் நடக்கிற ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் ‘பிரிண்ட்’ கொடுக்கிறோம். பிரிண்டர் கம்மென்று இருக்கிறது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பார்க்கிறோம். பொறுமை போய் மறுபடியும் ‘பிரிண்ட்’. அப்புறம் இன்னொரு தடவை. கடைசியில் ஸ்விட்சை அணைத்துப் போடுகிறோம். சில நாள் சரியாகிவிடும். சில நாள் ஒரே பக்கம் ஐந்து தடவை வந்து விழும். சில நாள் ஒன்றுமே வராது. வைஃபையில் இணைத்த பிரிண்டர் என்றால் இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. இது ஏன் நடக்கிறது, எங்கே தேட வேண்டும் என்பதே இக்கட்டுரை.

வரிசை எதற்கு?

கம்ப்யூட்டர் வேகமானது. ஒரு பக்கத்தைத் தயார் செய்ய அதற்கு ஒரு நொடி போதும். பிரிண்டர் இயந்திரம், ரோலர் சுற்ற வேண்டும், மை தெளிக்க வேண்டும். வீட்டுப் பிரிண்டர் நிமிஷத்துக்குப் பத்துப் பக்கம் அடித்தாலே பெரிய விஷயம். இந்த இரண்டு பேரையும் நேராகக் கட்டிப் போட்டால், மெதுவானவர் முடிக்கும் வரை வேகமானவர் சும்மா நிற்க வேண்டும். ஆகவே 1960-களிலேயே பெரிய கணிப்பொறிகளில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அச்சிட வேண்டியதை முதலில் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடு. பிரிண்டர் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். இந்த வேலைக்கு ‘ஸ்பூலிங்’ என்று பெயர். அந்த வரிசைதான் ‘பிரிண்ட் க்யூ’.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கிற பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. பின்னால் நிற்கிற இருபது பேரின் ரேகையும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் யாரும் நகர முடியாது. பிரிண்ட் வரிசையும் அப்படியே. பழுது முதலில் நிற்கிற ஒரே வேலையில் இருக்கும், தாமதம் எல்லோருக்கும். நாம் மறுபடி ‘பிரிண்ட்’ கொடுப்பது, வரிசையின் வாலில் இன்னும் ஓர் ஆளைச் சேர்ப்பது. அதனால் தலை நகரப் போவதில்லை.

கடக்க வேண்டிய நான்கு இடங்கள்

ஒரு பக்கம் கம்ப்யூட்டரிலிருந்து காகிதத்துக்கு வர நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, மென்பொருளும் டிரைவரும். நாம் பார்க்கும் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரிகிற மொழியாக மாற்றும் இடம் இது. ஏ4 காகிதத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று படமாக மாற்றினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் சுருக்காத நிலையில் நூறு மெகாபைட்டைத் தாண்டும்! டிரைவர் இதைச் சுருக்கித்தான் அனுப்பும் என்றாலும், ‘2 எம்.பி. பி.டி.எஃப். தானே’ என்று நாம் நினைப்பது ஏன் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது என்பதற்கு விடை இதுதான்.

இரண்டாவது, வரிசை. விண்டோஸில் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இது இருக்கிறது. சாதாரணமாக வேலை ஒன்றுக்கு இரண்டு ஃபைல்: எஸ்.பி.எல். என்று முடிவதில் அச்சிட வேண்டிய சரக்கு, எஸ்.எச்.டி. என்று முடிவதில் யாருடையது, எந்தப் பிரிண்டருக்கு என்ற விவரம்.

மூன்றாவது, பாதை. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து பிரிண்டர்.

நான்காவது, பிரிண்டரே. அதன் நினைவகம், மை, ரோலர், காகிதம்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் வயிற்று வலிக்குத் தலையில் பற்றுப் போட்ட கதைதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாங்க. கண் மங்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு, மகளிர் குழுக் கடனில் ஓர் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி முன்னறையில் வைத்தாங்க. பட்டா நகல், ஆதார் நகல், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று தெருவில் உள்ளவர்கள் வருவார்கள். மாதத் தவணை அந்தக் காசிலிருந்துதான் போகிறது. ஆகவே எங்கள் வீட்டில் பிரிண்டர் நின்றால் தவணை நிற்கும்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஹால் டிக்கெட் எடுக்க வந்தாங்க. மறுநாள் காலை குரூப் 4 தேர்வு. எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து டவுனில் மாமா வீட்டில் தங்கினால்தான் நேரத்துக்குத் தேர்வு மையம் போய்ச் சேர முடியும். தம்பி ஏழு தடவை ‘பிரிண்ட்’ கொடுத்துவிட்டான். வரிசையில் ஏழு ஹால் டிக்கெட், காகிதத்தில் ஒன்றுமில்லை. மணி எட்டு இருபது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீதானே இதைப் படிக்கிறே” என்றாங்க அம்மா.

முதலில் யு.எஸ்.பி. கேபிளை எடுத்து நேராகச் செருகினேன். விண்டோஸ் அதைத் தனி பிரிண்டராகக் காட்டியது. அதில் கொடுத்ததும் ஹால் டிக்கெட் வந்தது. அக்கா பஸ்ஸைப் பிடித்துவிட்டாங்க. பழைய வரிசையில் நின்ற ஏழையும் ரத்து செய்தேன். இல்லாவிட்டால் பாதை சரியானதும் ஏழும் வந்து விழுந்திருக்கும். காரணத்தை அப்புறம்தான் தேடினேன். ஆள் காத்திருக்கும்போது முதலில் வேலையை முடி, பிறகு ஆராய்ச்சி செய். இது நம்ம லேபுக்கும் பொருந்தும்.

கேபிளில் வருகிறது என்றதுமே முதலாவது, நான்காவது இடங்கள் மேல் சந்தேகம் போய்விட்டது. அடுத்து ‘பிங்’ செய்து பார்த்தேன். கம்ப்யூட்டர் தெரிந்து வைத்திருந்த பிரிண்டர் முகவரி 192.168.1.5. பதில் வந்தது! அப்படியானால் பாதையும் சரியா? அங்கேதான் சூட்சுமம். பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டுப் பார்த்தால், அதன் முகவரி 192.168.1.8 என்று இருக்கிறது. அப்படியானால் 5-இல் இருந்து பதில் சொன்னது யார்? அம்மாவின் செல்போன்!

ரவுட்டர்தான் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி கொடுக்கிறது. அந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். அது கொடுப்பது பட்டா இல்லை, வாடகைதான். கரண்ட் போய் ரவுட்டர் புதிதாக எழுந்தபோது செல்போன் முந்திக்கொண்டு 5-ஐ வாங்கிவிட்டது. பிரிண்டருக்கு 8 கிடைத்தது. கம்ப்யூட்டரோ பழைய விலாசத்துக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தது. வரிசை எப்படி நகரும்?

சுவரில் ஒட்டிய தாள்

நான் காலேஜுக்கு வந்துவிட்டால் வீட்டில் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே தேடும் முறையைத் தமிழில் எழுதிப் பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அதையே இங்கே தருகிறேன்.

1. மறுபடி ‘பிரிண்ட்’ கொடுக்க வேண்டாம்.

2. பிரிண்டரிலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார். வந்தால் மை, ரோலர், காகிதம் சரி. வராவிட்டால் பழுது பிரிண்டரில்தான், கம்ப்யூட்டரைத் தொடாதே.

3. வரிசை ஜன்னலைத் திற. முதலில் நிற்பது எது? ‘எரர்’ என்றால் அதை மட்டும் ரத்து செய். ‘ஆஃப்லைன்’ என்றால் பாதையைப் பார். ‘ஸ்பூலிங்’ என்றே நின்றால் ஃபைல் பெரியது, அல்லது டிரைவர் திணறுகிறது.

4. நோட்பேடில் ஒரு வரி அடித்து அனுப்பு. அது சட்டென்று வந்தால் பாதை நல்ல பாதை. குற்றம் அந்தப் பெரிய ஃபைலில்.

5. விவரத் தாளில் உள்ள முகவரியும் கம்ப்யூட்டரில் உள்ள முகவரியும் ஒன்றா என்று பார்.

6. அவசரமென்றால் கேபிள் போடு.

என்ன மருந்து?

முகவரி மாறும் நோய்க்கு நிரந்தர மருந்து ரவுட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ‘மேக் முகவரி’ உண்டு. நம் ஆதார் போல அதுவும் 12 இடம் கொண்டது, எண்ணும் எழுத்தும் கலந்து வரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘இந்த மேக்குக்கு எப்போதும் இந்த ஐ.பி.’ என்று பதிவு செய்துவிட்டால் கரண்ட் எத்தனை தடவை போனாலும் விலாசம் மாறாது. நான் 192.168.1.50 என்று ஒதுக்கினேன். கம்ப்யூட்டரிலும் அதே முகவரிக்கு டி.சி.பி. ஐ.பி. போர்ட் சேர்த்தேன். அந்தக் கோளாறு அதற்கப்புறம் தலைகாட்டவில்லை.

ரத்து செய்தும் போகாமல் ‘டெலீட்டிங்’ என்றே நிற்கிற வேலைக்கு: சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்து, மேலே சொன்ன பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழி, ஸ்பூலரை மறுபடி ஓட விடு. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் காத்திருக்கும் எல்லோருடைய வேலையும் போய்விடும் என்பதால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரிண்டர் நன்றாக இருந்தும் விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்றே சாதித்தால், போர்ட் அமைப்பில் ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் நலம் விசாரிக்கும் கேள்விக்குப் பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், ஆள் இல்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது.

பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். சுவர் இரண்டு தாண்டி மூலையில் வைத்தால் சிக்னல் தேயும், தாமதம் கூடும். இடத்தை மாற்றுவது காசில்லாத மருந்து. கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரை மாட்டினால் பல ரவுட்டர்கள் மற்றக் கருவிகளோடு அதைப் பேசவே விடாது.

வரிசை ஒன்றல்ல!

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆபீஸில் பிரிண்ட் சர்வர் இருந்தால் எல்லா வேலையும் ஒரே வரிசையில் வரும். வீட்டில் சர்வர் கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு செல்போனுக்கும் தனி வரிசை. பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்கள் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் வாங்கும். தம்பி ஒரு தடவை நாற்பது போட்டோ உள்ள ஃபைலைப் போனிலிருந்து அனுப்பிவிட்டு விளையாடப் போய்விட்டான். போன் வைஃபை எல்லையைத் தாண்டியதும் வேலை பாதியில் தொங்கியது. கம்ப்யூட்டரின் வரிசையில் என்ன துழாவினாலும் கிடைக்காது. ஏனென்றால் நோய் அங்கே இல்லை. பிரிண்டரில் ‘கேன்சல்’ அழுத்தி, போனிலும் ரத்து செய்த பிறகே வழி திறந்தது.

ஒரு பழைய கதை

1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அது இருந்தது வேறொரு மாடியில். காகிதம் சிக்கினால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் வரிசை முழுக்க நிற்பது புரியும். முந்தைய பிரிண்டரில் இது நடந்தபோது, காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலையே மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதற்கு மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் அவரைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளியது. 1983-இல் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். நாம் லேபில் பயன்படுத்தும் லினக்ஸோடு வரும் பல கருவிகள் அந்தத் திட்டத்தில் பிறந்தவை.

முடிவாக

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வரிசை நின்றால் தலையைப் பாருங்கள், வாலை நீட்டாதீர்கள். நான்கு இடங்களில் எது என்று ஒவ்வொன்றாகக் கழித்து வந்தால் மிச்சம் இருப்பதுதான் பழுது. சர்க்யூட்டில் மல்டிமீட்டர் வைத்து நாம் தேடுவதும் இதே முறைதானே! தெரிந்ததைத் தமிழில் எழுதி ஒரு சுவரில் ஒட்டுங்கள். போன மாதம் வரிசை நின்றபோது அம்மா அந்தத் தாளைப் பார்த்து, மூன்றாம் எண்படி தானே ரத்து செய்துவிட்டாங்க. எனக்குப் போன் வரவில்லை. தவணையும் அந்த மாதம் தேதி தவறவில்லை.

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை