உங்களுக்குத் தெரியுமா? உடையே அடையாளம்!

• புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்கு எதிரே உள்ள ஒரு குடைவரையின் பெயர் ‘சமணர் குடகு’. சமணர் வசமிருந்து பின்னாளில் திருமால் கோயிலாக மாறிய இங்கே, கிரீடமும் ஆடை அணிகளும் பூண்ட 12 திருமால் சிற்பங்கள் ஒரே சாயலில் நிற்கின்றன.

• சமணத்தில் திகம்பரப் பிரிவு முனிவர்கள் ஆடை அணிவதில்லை. மயிற்பீலியும் கமண்டலமும் வைத்திருப்பார்கள். அமரும் முன் சிற்றுயிர்கள் நசுங்காதபடி பீலியால் தரையைத் துடைப்பார்கள்.

• திகம்பரப் பெண் துறவியருக்கு வெள்ளைச் சேலை. மற்றொரு பிரிவான சுவேதாம்பரத்தின் துறவியர் அனைவருக்கும் வெள்ளாடை.

• தமிழ்ச் சமணர் திகம்பரப் பிரிவினர். ஆனால், அவர்களது மேல்சித்தாமூர் மடாதிபதி உடுத்துவது காவி.

• சீக்கியரின் தலைப்பாகைக்குக் கட்டாய நிறம் கிடையாது. அவர்களுள் ‘நிகாங்’ எனும் வீரர் பிரிவினரின் மரபு நிறம் நீலம்.

• முதலில் சொன்ன நார்த்தாமலைக்குப் புதுக்கோட்டை–திருச்சி சாலை வழியே செல்லலாம். பாறை சுடும் முன், காலையிலேயே ஏறிவிடுங்கள்!