கண்ணைத் தொடும் வேலை

கண் முகாமில் என் முன்னால் வந்து உட்கார்ந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வலது கண்ணில் புரை நன்றாகப் பழுத்து, பால் ஊற்றியதுபோல் தெரிந்தது. "தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கய்யா" என்று சொல்லி, இமையைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனேன். முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ எந்த ஊரு பிள்ள?"

சொன்னேன். பக்கத்து ஊர்தான்.

"எந்தத் தெரு?"

"காலனிங்கய்யா."

எழுந்துவிட்டார். வேறெதுவும் பேசவில்லை. அடுத்த மேசை வரிசையில் போய் நின்றார். அங்கே சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள் என்னோடு பயிற்சி முடித்த தோழி. அவளும் ஒரு காலனியிலிருந்து வந்தவள்தான். வேறு மாவட்டத்துக்காரி என்பதால் அவளிடம் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. அவள் இமையைப் பிரித்தாள், டார்ச் அடித்தாள், மருந்து விட்டாள். "நல்லா இரு தாயி" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மதியம் சாப்பிடும்போது இதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். தனியார் கண் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாக டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். நோயாளிகளுக்கு நாங்கள் எல்லோரும் 'நர்சம்மா'தான். இந்த வேலை என்ன, இதற்கு எப்படி வருவது, வரும்போது எதில் ஏமாறக் கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பத்தாவின் கண்

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊருக்கு இலவசக் கண் முகாம் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். முகாம் நடந்தது மேலத்தெரு கல்யாண மண்டபத்தில். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த மண்டபம் கிடைத்ததில்லை. கண் காட்ட வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காலனியிலிருந்து யாரும் போகவுமில்லை. என் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "அந்த வாசப்படியில ஏறிப் பழக்கமில்ல, விடு" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு கண் சிவந்து, தலையைப் பிளக்கும் வலி வந்தது. இரண்டு நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புரை முற்றி வீங்கி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. இன்னொரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று என் முகத்தைப் பார்த்து, "இம்புட்டுக் கருப்பாவா இருக்க நீ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தக் கட்டைப் பிரித்தது மருத்துவர் அல்ல, ஓர் அக்கா. கண்ணைத் துடைத்து, மருந்து விட்டு, விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவர்கள் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது என் பெரியம்மாவைத்தான். அவர் துப்புரவுப் பணியாளர். வெள்ளைக் கோட்டுப் போட்டு, நோயாளியின் முகத்தைத் தொட்டு வேலை செய்யும் இடத்துக்கு நாமும் போகலாம் என்று அன்றுதான் தோன்றியது.

என்னதான் வேலை?

கண் மருத்துவத்தில் மருத்துவர் கைக்கு நோயாளி போவதற்கு முன்னும் பின்னும் நிறைய வேலை இருக்கிறது. அதைச் செய்பவர்கள்தான் நாங்கள்.

முதலில் பார்வை அளவு. 6 மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டி ஒவ்வொரு கண்ணாக வாசிக்கச் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் பல பக்கம் திருப்பி அச்சிட்ட அட்டை உண்டு. எழுத்தின் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். ஒருவருக்கு 6/60 என்று எழுதினால், நல்ல கண் 60 மீட்டரில் பார்ப்பதை அவர் 6 மீட்டர் கிட்டத்தில் வந்தால்தான் பார்க்க முடியும் என்று பொருள்.

பிறகு கண் அழுத்தம். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை வழக்கமான அளவு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே தராமல் பார்வையைத் தின்றுவிடும். அளந்து பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

புரை அறுவைக்கு முன் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட வேண்டும். அதற்குக் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளப்போம். பெரியவர்களின் கண் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் தவறாக அளந்தால் லென்ஸ் பவர் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி மாறிப்போகும். அறுவை நன்றாக நடந்திருந்தும் நோயாளி மங்கலாகத்தான் பார்ப்பார். அதனால் அளக்கும்போது பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்.

இவை தவிர, கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று தண்ணீர் செலுத்திப் பார்ப்பது, கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, அறுவை அரங்கில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து எடுத்துக் கொடுப்பது, பயந்து நடுங்கும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வது எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் அடுத்தவர் முகத்தைத் தொட்டாக வேண்டும். இமையைப் பிரிக்காமல் கண்ணைப் பார்க்க வழியில்லை. தொட்டால் தீட்டு என்று சொல்லி வைத்திருந்த ஊரில் இந்த வேலைக்கு நாம் வருவதன் அர்த்தம் எனக்கு அந்தப் பெரியவர் எழுந்து போனபோதுதான் முழுதாகப் புரிந்தது.

கிராமத்துப் பெண்களும் கண் மருத்துவமும்

சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கண் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேண்டும் என்பதை நாடு உணர்ந்துதான் இருக்கிறது. 1976-இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில், எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, 2 ஆண்டு பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் வேலையைப் பிரித்துக் கொடுத்த முறை அங்கே பெரிய அளவில் வளர்ந்தது. ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு நிறைய அறுவைகள் செய்ய முடிவதற்கு அந்தப் பெண்களின் கைகளே காரணம்.

நம் தெருவுக்கு ஏன் அவசரம்?

எங்கள் பக்கத்தில் காலனிக்காரர்களுக்குக் காட்டு வேலை, சீமைக்கருவேலம் வெட்டுவது, கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. முள்ளோ தூசியோ கதிரோ கண்ணில் பட்டுவிடும். மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று, ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. நம் பகுதியில் இந்தப் புண்ணுக்குப் பூஞ்சை முக்கியக் காரணம். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவது எல்லாம் ஆபத்து. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அதைத்தான் 'கண்ணில் பூ விழுந்திருக்கு' என்கிறோம். கண்ணில் முள் பட்டால் கசக்காமல், எதையும் விடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் காலனியில் போய் நான் சொன்னால் கேட்கிறார்கள். "நம்ம பிள்ள சொல்லுது" என்கிறார்கள்.

நான் ஏமாந்த இடம்

இனி என் தவறு. நான் பயிற்சி எடுத்தது மாவட்டத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில். கட்டணம் கிடையாது, சாப்பாடும் சிறு உதவித்தொகையும் உண்டு என்றதும் சேர்ந்துவிட்டேன். வேலையை நன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள். முடிவில் மருத்துவமனையின் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஆறு வருடம் கழித்து அரசில் கண் மருத்துவ உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்தது. அது எந்தப் பல்கலைக்கழகமும் அரசுத் துறையும் அங்கீகரித்த படிப்பு அல்ல. நான் கண் நீளம் அளக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், அங்கீகாரம் பெற்ற பட்டயம் வைத்திருந்ததால், இன்று என்னைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. பிளஸ் டூ முடித்தபோது இதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான்.

சேரும் முன் கேளுங்கள்

படிப்பு எத்தனை ஆண்டு? 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்துறையில் பட்டயமோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது. ஆறு மாதத்தில் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டுபவர்களை நம்பாதீர்கள்.

சான்றிதழில் யார் கையெழுத்து? பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, வெறும் மருத்துவமனையா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் பார்த்தீர்களா? துணை மருத்துவப் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடந்துவருகிறது. ஆதிதிராவிடருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் இட ஒதுக்கீடு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் தேர்வு முடிவு வரும் முன்பே வாங்கி வையுங்கள். இன்னும் படிக்க விருப்பமுள்ளவர்கள் ஆப்டோமெட்ரி பட்டப் படிப்பை எடுக்கலாம். என் அக்கா மகள் இப்போது அதைத்தான் படிக்கிறாள்.

முகாம் எங்கே?

போன வருடம் எங்கள் ஊருக்கு மறுபடி முகாம் போடப் பேச்சு வந்தது. வழக்கம்போல மேலத்தெரு மண்டபம் என்றார்கள். முகாம் பொறுப்பாளரிடம் என் அப்பத்தா கதையைச் சொன்னேன். மண்டபத்தில் ஒரு மேசை, காலனி சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை என்று ஏற்பாடு செய்தார்கள். மண்டபத்தில் கூட்டம் அதிகமானதும் மேலத்தெரு ஆட்கள் சிலர் சமுதாயக் கூடத்துக்கே வந்து வரிசையில் நின்றார்கள். என் மேசைக்கு வந்தவர்களில் எந்தத் தெரு என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. காலனியில் ஒரு பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் முற்றிய புரை இருந்தது. மறுநாளே வண்டியில் அழைத்துப் போனோம்.

உங்கள் ஊருக்குக் கண் முகாம் அறிவிப்பு வந்தால், தேதியைக் கேட்பதோடு எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். காலனி ஆட்கள் தயங்காமல் வரக்கூடிய பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். கண் தெரியாத தாத்தா பாட்டியைக் கைபிடித்துக் கூட்டிவரும் வேலையை பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். கேட்டால் சொல்லிக் கொடுப்போம்.