கோடை பண்பலையின் அலைவரிசையில் பிரபஞ்சத்தின் விடியல்! தெரியுமா?

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்பில் கோடை பண்பலை 100.5 அலறிக்கொண்டிருக்கும். அதே 100.5 மெகாஹெர்ட்ஸில், பிரபஞ்சத்துக்கு வெறும் 32 கோடி வயது ஆனபோது கிளம்பிய அலையும் வந்து சேர்கிறது, தெரியுமா?

எல்லாம் ஹைட்ரஜன் அணுவின் வேலை! அதன் சொந்த அலை 1420 மெகாஹெர்ட்ஸ், நீளம் 21 சென்டிமீட்டர். பிரபஞ்சம் விரிய விரிய அதுவும் இழுபட்டு, 14 மடங்கு நீண்டு, ஏறத்தாழ மூன்று மீட்டராகி எஃப்.எம். பட்டைக்குள் விழுகிறது. முதல் விண்மீன்களின் ஒளி பட்டதும் ஹைட்ரஜன் பின்னணிக் கதிர்வீச்சில் கொஞ்சத்தை விழுங்கியிருக்க வேண்டும். அந்தச் சிறு பள்ளத்தைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். பால்வீதி போடும் ரேடியோ இரைச்சலோ அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு!

2018 பிப்ரவரி 28. ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசன் பகுதியில், மேசை அளவே உள்ள 'எட்ஜஸ்' ஆன்டெனா 78 மெகாஹெர்ட்ஸில் பள்ளத்தைக் கண்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. கணித்ததைவிட இரு மடங்குக்கும் மேல் ஆழம்! கரும்பொருள்தான் காரணமோ என்று கட்டுரைகள் குவிந்தன.

பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் 'சாரஸ் 3' ஆன்டெனாவை ஏரியில் மிதக்கவிட்டார்கள்! தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக அலையைத் திருப்பியடித்துப் பொய்ப் பள்ளம் காட்டிவிடும். ஆழமான தண்ணீர் ஒரே சீரானது. 2020இல் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் கேட்டார்கள். எட்ஜஸ் சொன்ன பள்ளம் அங்கே இல்லை! 95.3 சதவீத உறுதியோடு மறுத்த அந்தக் கட்டுரை வெளியான நாள், 2022 பிப்ரவரி 28. ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள், தேசிய அறிவியல் நாள்! நாள் பார்த்துச் செய்தார்களோ என்னவோ, ராமன் நிறுவிய கழகத்துக்குப் பொருத்தம்தான்.

   

சரி, இந்த மெல்லிய அலையை மூழ்கடிக்கும் எஃப்.எம். தொல்லைக்கு எங்கே ஓடுவது? நிலவின் நம்மைப் பார்த்த பக்கத்துக்கு ஓடினாலும் தப்ப முடியாது! பூமியின் பண்பலை அலைகள் அங்கே பட்டுத் திரும்புவதை அதே முர்ச்சிசனில் உள்ள இன்னொரு ரேடியோ தொலைநோக்கி பதிவே செய்திருக்கிறது. ஆகவே ராமன் கழகத்தின் அடுத்த திட்டமான 'பிரதுஷ்' குறிவைப்பது நிலவின் மறுபக்கத்தை. நடுவே ஏறத்தாழ 3,470 கிலோமீட்டர் பாறை நிற்கிறதே!