விலைக்கு வரும் பழைய ஜீப்

குடகுத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த ஜீப் வண்டிகள் பட்டறையில் புத்துருப் பெற்று, மைசூரில் விலைக்கு வருவதுண்டு. பளபளக்கும் வர்ணமும் பருத்த டயர்களும் நம் இளைஞர் உள்ளத்தைக் கவர்வதில் வியப்பில்லை. நாமும் அவ்வழகில் மயங்கியவர்களே.

1947-ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளை இணைத்து உருவாக்கத் தொடங்கினர். போர்க்கால வில்லீஸின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 60 குதிரைத் திறன் உடையது. பிற்காலத்தில் அதனை அகற்றி டீசல் எஞ்சின் பூட்டியவர் பலர். சிக்கல் இங்கேதான் எழுகிறது.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு வழங்கும் விதி 2021-இல் வந்தது. கட்டணம் 20,000 ரூபாய். ஆயின் சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்த வண்டிக்கு அப்பேறு கிட்டாது. சாதாரணப் பதிவிலும், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணான உருமாற்றம் கூடாதென உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே, முன்பணம் அளிக்குமுன் ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். வர்ணப் பூச்சில் எண் மறைந்திருப்பின் சுரண்டிக் காட்டச் சொல்லலாம். மறுப்பாராயின், அவர் தரும் காப்பியை அருந்திவிட்டு வீடு திரும்பலாம்.